மழை படாத இடம்

மலையடிக்கு முதலில் வந்து சேர்ந்தவன் மாசிலாமணிதான். கல்லூரி வரலாற்று மன்றத்தில் சேர்ந்து எட்டு மாதத்தில் ஒரு கூட்டத்துக்கும் நேரத்துக்கு வராதவன், அன்று காலை ஏழு மணிக்கே முதுகுப் பையோடு நின்றான். மன்றத் தலைவி தில்ஷாத், யாராவது துரத்துகிறார்களா என்று அக்கறையாக விசாரித்தாள்.

கூகைப்பாறை மலையின் வடக்குப் பக்கத்தைக் கல்குவாரி ஏற்கெனவே தின்றுவிட்டது. தெற்குப் பக்கமும் குத்தகைக்குப் போகிறது. அங்கே ஒரு குகையில் பழைய எழுத்து இருப்பதாக ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினால் எழுத்து தாளில் விழும். அந்த மைப்படியைத் திங்கட்கிழமைக்குள் கலெக்டர் ஆபீசில் கொடுத்தால் மலை பிழைக்கும். கொடுக்காவிட்டால் ஜல்லி.

மாசிலாமணியின் பையில் தின்னர் பாட்டிலும் இரும்பு பிரஷ்ஷும் இருந்தன. அந்தக் குகை நெற்றியில் இரண்டு வருஷத்துக்கு முன் சிவப்பு எனாமலில் 'மாசிலாமணி – பிரியதர்ஷினி' என்று எழுதியது அவன்தான். மழை படாத இடமாகத் தேடி எழுதியிருந்தான். பிரியதர்ஷினி அந்த மலையைப் பார்த்ததில்லை. அவனையும் பெரிதாகப் பார்த்ததில்லை.

வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கியது. குவாரித் தூசியில் செடிகளெல்லாம் நரைத்துக் கிடந்தன. பாதி வழியில் வடக்கே வெடி வைத்தார்கள். காலடிப் பாறை குலுங்கி, மேலிருந்து கற்கள் உருண்டன. கடைசியில் வந்த கோமதிநாயகம் சறுக்கி, வேரைப் பிடித்துத் தொங்கினான். கயிறு போட்டு அவனைத் தூக்கினார்கள். தூக்கி முடித்ததும் முன்னால் போய் வழி பார்ப்பதாகச் சொல்லி மாசிலாமணி பாறை இடுக்கில் ஏறினான். என்ன தைரியம் என்று கோமதிநாயகம் நெகிழ்ந்துபோனான்.

குகையில் வௌவால் நாற்றம். சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. அதற்கடியில், அன்று வெறும் கீறல் என்று நினைத்தவை இப்போது வரிசையாக எழுத்துகளாகத் தெரிந்தன.

தின்னரை ஊற்றித் தேய்த்தான். சிவப்போடு கல்லும் பொடிப்பொடியாக வந்தது. ஓர் எழுத்தின் கால் காணாமல் போனது.

கீழே செருப்புச் சத்தம். இன்னும் இரண்டு நிமிஷம் தேய்த்தால் அவன் பெயர் போய்விடும். மலையும் போய்விடும். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

தில்ஷாத் சுவரைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"இதே பேர்ல வேற எவனாவது இருக்கானா?" என்று கோமதிநாயகம் நம்பிக்கையோடு கேட்டான்.

"இல்லடா" என்றான் மாசிலாமணி.

"எத்தனை எழுத்து போச்சு?" என்றாள் தில்ஷாத்.

"ஒண்ணோட கால்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூவரும் தாளை நனைத்து ஒட்டித் தட்டினார்கள். மாசிலாமணி மை ஒற்ற, கறுப்புக்குள்ளிருந்து எழுத்துகள் வெள்ளையாக எழுந்தன. பெயின்ட் அடைத்த இடங்கள் மட்டும் குருடாக நின்றன. மிச்சத்தை தில்ஷாத் கூட்டிப் படித்தாள்: கயிறு விற்கும் சேந்தன் கொடுத்த கல்படுக்கை. குகையில் தங்கிய துறவிகள் படுக்க வெட்டிக் கொடுத்தது.

"இவனும் மழை படாத இடமாத்தான் தேடியிருக்கான்" என்றாள். "ஆனா ஒண்ணைக் கொடுத்துட்டுப் பேரை எழுதினான்."

திங்கட்கிழமை ஆபீசில் அதிகாரி மைப்படியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதோடு வைத்திருந்த குகைப் போட்டோவை எடுத்தார். அதில் பெயரை வெட்டிவிடலாம் என்று தில்ஷாத் முந்தின நாளே சொல்லியிருந்தாள். மாசிலாமணிதான் வேண்டாம் என்றிருந்தான்.

"எழுத்து சரி. இந்த மாசிலாமணி யாரு?"

கோமதிநாயகம் மின்விசிறியை ஆராய்ந்தான்.

"நான்தான் சார்."

குத்தகை நின்றது. ஊரில் மன்றத்தாருக்கு மாலை போட்டார்கள். மாசிலாமணி பின்வரிசையில் நின்றுகொண்டான். சனிக்கிழமைதோறும் பாறையைச் சுத்தம் செய்பவர்களுக்கு உதவ வேண்டும் என்பது அவனுக்குக் கிடைத்த தண்டனை. பஞ்சை நனைத்து, கல் நோகாமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு சனிக்கிழமை. அவன் பெயர் ஐந்து வாரத்தில் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை பிரியதர்ஷினி பெயரைத் தொடங்கினான். பிரியா என்று சுருக்கி எழுதியிருக்கலாம்.