காருக்குள் உட்கார்ந்திருக்கும் அம்மா

லெஸ்யாவுக்கு அந்தக் காரைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. அது அவளுடைய அம்மாவின் பழைய நீல நிறக் கார்தான்.

தினமும் மாலையில் அது வீட்டு வாசலில் வந்து நிற்கும். எஞ்சின் அணையும். ஆனால் அம்மா இறங்க மாட்டார். மடியில் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு, கைகளை அதன்மேல் வைத்து, கண்களை மூடிக்கொள்வார். பத்து நிமிடம் அப்படியே இருப்பார். வெளியே சஸ்கட்டூன் நகரத்துக் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைக்கும். அம்மா அசையவே மாட்டார்.

அம்மா ஹாலினா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அவருடன் வேலை பார்க்கும் டோரீன்தான் இந்தத் தியானத்தைச் சொல்லிக் கொடுத்தார். "மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இரு. தலைப் பாரமெல்லாம் தானா இறங்கிடும்" என்றாராம். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

எல்லாரும் நல்லது என்றார்கள். லெஸ்யாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

அம்மா உள்ளே வந்ததும் ஆறு வயதுத் தம்பி தாரஸ் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வான். பிறகு அடுப்பு. பிறகு வடக்கே சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் ஃபோன். பிறகு துணி துவைப்பது. லெஸ்யாவின் முறை வருவதற்குள் அம்மாவுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

"நான் அந்தக் கார் சீட்டாப் பொறந்திருக்கலாம்" என்று ஜன்னலருகே நின்று முணுமுணுத்தாள் லெஸ்யா.

"வேணாம், லெஸ்யா. அப்புறம் எல்லாரும் உன்மேல உக்காருவாங்க" என்றான் தாரஸ்.

அந்த வாரம் அவள் மனதில் ஒரு விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவளுடைய உயிர்த்தோழி கெய்ட்லின், மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போய்விட்டாள். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். லெஸ்யா தனியாக உட்கார்ந்து சாண்ட்விச்சை மென்றாள். அது தொண்டையில் இறங்கவே இல்லை. இதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எப்போது?

அன்று மாலை கார் வந்து நின்றது. அம்மா கண்களை மூடினார். லெஸ்யாவால் பொறுக்க முடியவில்லை. செருப்புக் காலோடு பனியில் ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"அம்மா! தாரஸ் மூக்குல ரத்தம்!"

அம்மா போர்வையை உதறிவிட்டு ஓடினார். உறைந்திருந்த படியில் கால் வழுக்கியது. முழங்கால் பட்டென்று படியில் மோதியது. நொண்டிக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தார்.

தாரஸ் மேசைமுன் உட்கார்ந்திருந்தான். மூக்கு, கன்னம், தாடை எல்லாம் ஒரே சிவப்பு.

"எங்கடா கண்ணு ரத்தம் வருது?"

தாரஸ் கன்னத்தைத் தொட்டு விரலை நக்கிப் பார்த்தான். "இது ஜாம் அம்மா" என்றான்.

அம்மா மெதுவாகத் திரும்பி லெஸ்யாவைப் பார்த்தார். "ஏன் பொய் சொன்ன?"

"சும்மா" என்றாள் லெஸ்யா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அன்று மாலை எதுவும் சரியாக நடக்கவில்லை. வேகவைத்த பெரோகிக் கொழுக்கட்டைகள் எல்லாம் தண்ணீரில் வாய் பிளந்து, உள்ளிருந்த உருளைக்கிழங்கு கஞ்சியாகிவிட்டது. அப்பாவின் ஃபோனை அம்மா நாலு வார்த்தையில் முடித்தார். தாரஸ் பாலைக் கொட்டியபோது அவர் போட்ட சத்தத்தில், அவன் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

அம்மா தரையில் உட்கார்ந்து பாலைத் துடைத்தார். அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்வதை லெஸ்யா பார்த்தாள். அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முட்டி வலிக்குதாம்மா?"

"கொஞ்சம்."

"சாரிம்மா."

அம்மா துணியைப் பிழிந்தார். "இன்னைக்கு பஸ்ல ஒரு பையன் பூட்ஸைத் தூக்கி எறிஞ்சான். என் காதோரமாப் பறந்துச்சு. ரோடு பூரா ஐஸு, பிரேக் போட்டா பஸ் வழுக்கிட்டே போகுது. பின்னால அத்தனை பிள்ளைங்களும் ஒரே கூச்சல். இறங்கி வந்தாலும் அதெல்லாம் தலைக்குள்ள ஓடிட்டே இருக்கு. கார்ல கொஞ்ச நேரம் உக்காந்தாத்தான் நிக்குது."

"அங்க என்னதான்மா நினைப்ப?"

"ஒண்ணும் நினைக்கக் கூடாது. மூச்சை மட்டும் பாக்கணும். ஆனா பாதி நேரம் ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்னுதான் ஓடும்."

லெஸ்யாவுக்குச் சிரிப்பு வந்தது.

மேசைக்கு அடியிலிருந்து தாரஸ் எட்டிப் பார்த்தான். "சண்டை முடிஞ்சுதா? எனக்கு வேற பால் வேணும்."

மறுநாள் கார் வந்து நின்றது. அம்மா கண்களை மூடினார். லெஸ்யாவுக்கு அதே எரிச்சல் வந்தது. ஆனால் இந்த முறை அவள் வாசலுக்கு ஓடவில்லை. ஓடியது தாரஸ். லெஸ்யா அவனுடைய கோட்டைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"விடு! நேத்து நீ மட்டும் போன!"

"போனேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு பாத்தல்ல?"

தாரஸ் நேற்று வாங்கிய திட்டை நினைத்துப் பார்த்தான். கோட்டைக் கழற்றினான். இருவரும் மேசையில் தட்டுகளை எடுத்து வைத்தார்கள். ஃபோன் அடித்தது. லெஸ்யா பாய்ந்து போய் எடுத்தாள்.

"அப்பா, அம்மா இப்ப பேச மாட்டாங்க. அப்புறமா கூப்பிடுங்க."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"இல்லப்பா. கண்ணை மூடிட்டு நல்லா இருக்காங்க."

அம்மா உள்ளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "என்ன இவ்வளவு அமைதி? யாரு எதை உடைச்சீங்க?"

"யாரும் எதையும் உடைக்கல" என்றாள் லெஸ்யா. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அம்மா, எனக்கும் பத்து நிமிஷம் வேணும். எனக்கு மட்டும். உன் கார்மேல எனக்குப் பொறாமையா இருக்கு."

"கார்மேலயா?"

"கார்மேல. தாரஸ்மேல. பஸ்ல வர்ற பிள்ளைங்கமேலகூட. அவங்கல்லாம் தினம் உன்கூட வர்றாங்க."

"பூட்ஸ் எறிஞ்ச பையன்மேலயுமா?"

"அவன்மேலயும்தான்."

அம்மா சிரிக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் கையைப் பிடித்து அவளுடைய அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்து, "சொல்லுடா" என்றார்.

லெஸ்யா கெய்ட்லினைப் பற்றிச் சொன்னாள். மேசையைப் பற்றி, சிரிப்பைப் பற்றி, இறங்காத சாண்ட்விச்சைப் பற்றி எல்லாம் சொன்னாள். நடுவில் கொஞ்சம் அழுதாள். ஃபோன் மறுபடி அடித்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தப் புதுப் பொண்ணு பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

லெஸ்யா யோசித்தாள். "தெரியலம்மா. நான் அவகிட்ட பேசவே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அந்த மேசைக்குப் போய்க் கேக்கறேன்."

கதவு தடதடவென்று அதிர்ந்தது. "உள்ள என்ன பண்றீங்க? ஏன் என்னைச் சேத்துக்கல?" என்று கத்தினான் தாரஸ்.

"திறக்கட்டுமா?" என்று கேட்டார் அம்மா.

"இன்னும் ரெண்டு நிமிஷம்மா."

சொல்வதற்கு லெஸ்யாவிடம் எதுவும் மிச்சமில்லை. அம்மாவின் தோளில் சாய்ந்து, சும்மா உட்கார்ந்திருந்தாள்.