ஊசியா... மாவா?

"ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!"

ஸ்டோர் கிளார்க் பெர்சிஸின் அலறலில் லேபே நடுங்கியது.

நண்பகல் பன்னிரண்டு மணி. மணலியில், மருந்துகளுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனி. ஸ்டோர் ரூமில் மேனேஜர் பெனிட்டோ குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்! பக்கத்தில் கனமான இரும்பு ஸ்டாண்டு.

சீனியர் கெமிஸ்ட் எழில்மொழி குனிந்து நாடி பார்த்தாள்.

இல்லை...

அந்த நொடியில் அவளுக்குத் தம்பி ஜெயவேலின் ஞாபகம்தான் வந்தது. நேற்று அத்தனை பேர் முன்னால் பெனிட்டோ அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார். "புளியந்தோப்புப் புத்தி போகுமா?" என்று அவன் குடியிருக்கும் ஏரியாவை வேறு இழுத்திருந்தார். கையில் காலில் விழுந்து அவனை இந்த லேபில் சேர்த்துவிட்டவளே எழில்மொழிதான்.

நிமிர்ந்து அவனைத் தேடினாள்.

ஒன்றரை மணிக்கு ஜெயவேலை எதிரே நிறுத்தி வைத்திருந்தாள் இன்ஸ்பெக்டர் செங்கொடி.

"பதினோரு மணிக்கு பெனிட்டோ போன்ல பேசியிருக்கார். பன்னெண்டுக்குப் பொணம். நடுவுல நீ எங்கே இருந்தே?"

"இந்த டேபிள்லதான் மேடம். பென்சாயிக் ஆசிட்டை சுத்தம் பண்ணிகினு இருந்தேன்."

"ஒரு மணி நேரமாவா?"

"ஆமா மேடம். கொதிக்கிற தண்ணில கரைச்சு, சூட்டோட வடிகட்டினேன். அழுக்கெல்லாம் போயிடும். அப்பால ஃபிளாஸ்க்கை ஐஸ்ல வச்சு, கண்ணாடிக் குச்சியால கலக்கிகினே இருந்தேன். பன்னெண்டு வரைக்கும் கைய எடுக்கல. வேணும்னா பாருங்க... ஃபிளாஸ்க் அங்கியே கீது!"

எழில்மொழி ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள்.

திக்கென்றது!

உள்ளே நீள நீளமாய், பளபளவென்று, வெள்ளை ஊசிகள்.

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "ஐஸ்ல வச்சுக் கலக்கினா மாவாத்தான்டா வரும். தொடாம, தானா ஆற வுட்டாத்தான் ஊசி வளரும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்!"

இந்த ஃபிளாஸ்க்கை யாரும் கலக்கவில்லை. ஒரு மணி நேரமாய் யாரும் தொடக்கூட இல்லை.

அப்படியென்றால் ஜெயவேல் எங்கே போனான்?

"என்னம்மா அப்படிப் பாக்கறீங்க?" செங்கொடி கொட்டாவி விட்டாள். "எனக்கு இந்த உப்பு, புளி எல்லாம் ஒண்ணும் புரியாது. நீங்களே சொல்லுங்க. உங்க தம்பி சொல்றது சரியா?"

எழில்மொழிக்கு அம்மா கன்னியம்மா நினைவுக்கு வந்தாள். "எம்புள்ள ஏசி ரூம்ல வேலை செய்றான்" என்று ஹவுசிங் போர்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள். அவள் காதில் இந்தச் சேதி விழுந்தால் உயிரோடு இருப்பாளா?

"ச... சரிதான் மேடம். கலக்கிட்டே இருந்தாத்தான் இப்படி வரும்."

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பாடா! தம்பி தப்பிச்சான்!" நோட்டை மூடினாள் செங்கொடி.

"மேடம்... இது இன்னும் முழுசா சுத்தமாகல. மறுபடி ஒரு தடவை காய்ச்சணும். காய்ச்சட்டுமா?" எழில்மொழி ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்தாள்.

"தாராளமா காய்ச்சுங்க! உங்க லேபு, உங்க அடுப்பு."

ஃபிளாஸ்க் ஹாட் பிளேட்டில் ஏறியது. தண்ணீர் கொதித்தது. ஊசிகள் ஒவ்வொன்றாய்க் கரைந்தன. பத்தே நிமிஷம்... உள்ளே வெறும் தெளிந்த தண்ணீர்!

எழில்மொழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி யார் வந்து எதை நிரூபிக்க முடியும்?

"கரைஞ்சுடுச்சா?" செங்கொடி எழுந்து வந்தாள். "ரொம்ப நல்லது. ஜெயவேல், அந்த ஐஸ் பக்கெட்டை எடு. காலையில பண்ணின மாதிரியே நின்னு கலக்கு."

"எ... எதுக்கு மேடம்?"

"சும்மா... வேடிக்கை பாக்கத்தான்!"



ஜெயவேல் ஃபிளாஸ்க்கை ஐஸில் வைத்துக் கலக்கினான். கண்ணாடிக் குச்சி ஃபிளாஸ்க்கில் கடகடவென்று மோதியது. தண்ணீர் கலங்கியது. வெளுத்தது. பிறகு அடியில் படிய ஆரம்பித்தது.

மாவு!

அரிசி மாவு போலப் பொடிப்பொடியாய்... மருந்துக்குக்கூட ஓர் ஊசி இல்லை.

செங்கொடி தன் செல்போனை நீட்டினாள். "பன்னெண்டரைக்கு இங்கே நுழைஞ்சதுமே எடுத்த போட்டோ. ஊசி ஊசியா இருக்குல்ல? அதுல கொஞ்சம் பாட்டில்ல எடுத்து சீல் வச்சாச்சு. அதே சரக்கு, அதே தண்ணி, அதே கை! காலையில ஊசி, இப்ப மட்டும் எப்படிப்பா மாவு?"

"மேடம்... உங்களுக்கு எப்படி இதெல்லாம்..."

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிம்மா! ரெண்டு வருஷம் படியேறி அலைஞ்சேன். ஒரு லேப்லயும் வேலை தரலை. போலீஸ்லதான் கூப்பிட்டாங்க."

குச்சி நழுவி விழுந்து உடைந்தது. ஜெயவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சண்டைக்குப் போவலக்கா! 'நேத்து அடிச்சதுக்கு ஒரு ஸாரி சொல்லு சார்'னு கேக்கத்தான் போனேன். அதே வார்த்தைய மறுபடி சொல்லிட்டுத் திரும்பிட்டான்க்கா... ஸ்டாண்டு கைக்கு ஆப்ட்டுச்சு... நீ ஏன்க்கா பொய் சொன்னே?"

எழில்மொழி அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"மேடம், அவன் கோவக்காரன்... கொலைகாரன் இல்ல மேடம்!"

"அதை ஜட்ஜ்கிட்ட சொல்லட்டும். ஏறுப்பா ஜீப்புல." செங்கொடி கதவருகே நின்று திரும்பினாள். "நீங்களும்தான், எழில்மொழி."

"நா... நானா?"

"கண்ணு முன்னாடியே தடயத்தைக் கரைச்சீங்களே! மறுபடி காய்ச்சினா அழுக்கு குறையும்னு நாங்க காலேஜ்ல படிச்சோம்... நீங்க காய்ச்சினதுல எனக்கு அக்யூஸ்ட்ல ஒண்ணு கூடிப் போச்சு!"