செம்பியோடு ஒரு மணி நேரம்

பிற்பகல் 3.05. சிராங்கூன் சாலைக்குப் பின்னாலிருக்கும் சந்தில், மூன்றாம் மாடிப் பின்படிக்கட்டிலிருந்து விழுந்த கேட்லின் அங்கேயே செத்துப்போனாள். வயது இருபத்தொன்பது. மேலே இருந்த வீடியோ கேம் கம்பெனியில் கதாபாத்திரங்களை உருவாக்குகிறவள்.

4.20. இன்ஸ்பெக்டர் நஸீஹா வந்து சேர்வதற்குள் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். கைப்பிடிக் கம்பி நெஞ்சு உயரம், தவறி விழ வழியில்லை. தள்ளிவிடவும் ஆளில்லையாம். அப்போ தற்கொலைதானாம்! எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கீழ்த்தளத்துக் கடை வாசலில் கேட்லினின் அம்மா பிலோமினம்மாள் நஸீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ள தானா சாகலம்மா. நாளைக்குக் கோயில்ல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. நெசத்தக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கேம்களை ஆடிச் சோதிக்கிற அர்ஃபான் அந்த நேரத்தில் தேக்கா சந்தையில் பிரியாணிக்கு வரிசையில் நின்றது கேமராவில் தெளிவாக இருந்தது. மாடியில் இருந்த ஒரே ஆள் மார்வின், கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர்.

"ரெண்டரையிலேருந்து மூணரை வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"டெஸ்டிங் ரூம்ல. செம்பியை வச்சு மூணாவது லெவல் ஆடிட்டிருந்தேன்."

"செம்பி யாரு?"

"கேட்லின் செஞ்ச பொண்ணு கேரக்டர். கம்ப்யூட்டர்ல டைம் இருக்கு, ரிப்போர்ட்டும் எழுதிட்டேன். பாத்துக்குங்க லா."

ஆட்டம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டும் சரியாக இருந்தன. அறிக்கையும் பக்கா. 'கிடங்குக் கதவை எட்டி உதைத்தேன். மூன்றாவது உதையில் உடைந்தது. உள்ளே போனேன். குறை ஏதுமில்லை.'

"கேட்லின் எப்படி இருந்தாங்க?"

"கொஞ்ச நாளா மனசே சரியில்ல, பாவம்."

ஏர்கான் பழுது. எல்லாரும் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மார்வின் மட்டும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

5.00. அழுதழுது அர்ஃபானின் கண் சிவந்திருந்தது.

"மனசு சரியில்லையா? யாரு சொன்னா மேடம்? மார்வின் அஞ்சு வருஷமா செஞ்ச மாறன்ங்கற ஆம்பள கேரக்டரை எடுத்துட்டு, செம்பியை மெயின் கேரக்டர் ஆக்கிட்டாங்க நேத்து. சந்தோஷத்துல எல்லாருக்கும் கறி பஃப் வாங்கிக் குடுத்தா."

"செம்பிகிட்ட அப்படி என்ன விசேஷம்?"

"இதுவரைக்கும் ஆம்பள உடம்புக்கே சடையை மாட்டி, பொம்பளன்னு விட்டுடுவோம். கேட்லின் மூணு வாரம் தானே நடந்து, தவழ்ந்து, புதுசா ஒரு உடம்பு செஞ்சா. இன்னிக்குக் காலையிலதான் கேம்ல ஏத்தினா."

5.30. நஸீஹா தானே உட்கார்ந்து செம்பியை ஓட்டினாள். கிடங்குக் கதவு வந்தது. உதைக்கிற பட்டனை அழுத்தினாள். செம்பி குனிந்து, கதவுக்கடியில் இருந்த இடுக்கில் ஊர்ந்து உள்ளே போய்விட்டாள். மறுபடி அழுத்தினாலும் அதேதான். அடப்பாவி, இதுவா சங்கதி!

மார்வினைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கதவை எப்படி உதைச்சீங்க? செம்பிக்கு உதைக்கவே தெரியாதே."

மார்வின் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"செம்பியை ஓடவிட்டுட்டு வெளிய போயிட்டீங்க. திரும்பி வந்து, மாறனோட பழைய ரிப்போர்ட்ல பேரை மட்டும் மாத்தினீங்க. பொம்பள கேரக்டர்தானே, எல்லாம் அதே உடம்புன்னு நெனப்பு. அவ மூணு வாரம் ரத்தம் சிந்திச் செஞ்சதை நீங்க ஒரு நிமிஷம்கூட ஆடிப் பாக்கல. சட்டைக் கையை மடிங்க."

முன்கையில் நான்கு நகக்கீறல்கள், இன்னும் காயாமல் இருந்தன.

"விட்டுக்குடுன்னுதான் கேட்டேன்," என்றார் மார்வின். "முடியாதுன்னுட்டா."

நஸீஹாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அடக்கிக்கொண்டு விலங்கை மாட்டினாள்.

6.15. கீழே பிலோமினம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க பொண்ணு தானா சாகலம்மா. அந்தாள்தான் தள்ளியிருக்கான். கடைசி வரைக்கும் விடாம போராடியிருக்கா."

"போராடினாளா?" என்று கேட்ட பிறகுதான் அந்தத் தாய் வாய்விட்டு அழுதாள்.