ஐந்து அடுக்குத் தோல்

ஏரிக்கரை வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்:

விதவை ஹில்க்கா. அவள் கொழுந்தன் யோர்மா. இன்ஸ்பெக்டர் ரைமோ. டாக்டர் ஐலா.

அப்புறம், டாக்டர் கையிலிருந்த கண்ணாடிக் குப்பியில்... தபால்தலை அளவு மனிதத் தோல்!

ரைமோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று ஹில்க்காவின் கணவன் ஓஸ்மோ சவுனாவில், அந்த நீராவி அறையில், வெந்து செத்திருந்தான். சவுனாக் கதவுக்கு இந்த நாட்டில் யாரும் பூட்டு வைப்பதில்லை. யாரோ வெளியிலிருந்து, அடுப்பு கிளறும் கம்பியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். கம்பியின் பழுக்கக் காய்ந்த நுனியில் ஒட்டியிருந்ததுதான் இந்தத் தோல்.

“அண்ணிதான் சார்! அடுப்பு மூட்டினதே அவங்கதான்!” யோர்மா கத்தினான்.

“நாக்கு அழுகிடும்டா உனக்கு! நான் ஏரியில நீந்திட்டிருந்தேன்!”

“யாராவது பார்த்தாங்களா?” ரைமோ கைவிலங்கை எடுத்தார்.

ஹில்க்கா இல்லையென்று தலையசைத்தாள்.

“இருங்க இன்ஸ்பெக்டர்,” என்றார் ஐலா. “நுண்ணோக்கியில பார்த்தேன். அஞ்சு அடுக்கு!”

“வெங்காயமா?”

“மேல்தோல். செல்லெல்லாம் அடியில பொறக்கும்... மேல ஏற ஏற சாகும். மேலாப்புல இருக்கறது அத்தனையும் பொணம்.”

“அப்ப நாம...?”

“பொணத்தைப் போத்திக்கிட்டுத்தான் திரியறோம். மத்த இடத்துல நாலு அடுக்குதான். கண்ணாடி மாதிரி அஞ்சாவது ஒண்ணு... உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் மட்டும்!”

“ரெண்டு பேரும் கைய நீட்டுங்க!”

நான்கு கைகள். ஒரு கீறல்கூட இல்லை!

“அப்ப கால்!”

ஹில்க்கா வெறுங்கால்களைத் தூக்கிக் காட்டினாள். சுத்தம்.

ரைமோ குனிந்தார். டாக்டர் காலில் கம்பளிக் காலுறை. தன் காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

யோர்மா மட்டும்... கம்பளத்தின் மேல் பூட்ஸோடு நின்றான்!

இந்த ஊரில் முட்டக் குடித்தவன்கூட பூட்ஸைக் கழற்றாமல் வீட்டுக்குள் வரமாட்டான்.

“கழட்டு!”

“கால்... குளிருது சார்...”

“ஜூன் மாசத்துலயா?”

கழற்றினான். நாற்றம் அடித்தது. உள்ளங்காலில் தபால்தலை அளவு சிவந்த பள்ளம். நீர் கசிந்தது. ரைமோ வாயைப் பொத்திக்கொண்டார்.

“முட்டுக் கொடுக்கறப்ப கம்பி கீழ விழுந்துச்சு... வெறுங்கால்ல மிதிச்சுட்டேன். அப்பா விட்டுட்டுப் போன வீட்டை அவன் ஒருத்தனே முழுங்கினான் சார்!”

கைவிலங்கு கை மாறியது.

ஸ்டேஷன் லாக்கப். யோர்மா கதவைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

“பூட்டாதீங்க சார்! மூச்சு முட்டுது!”

“சவுனாக் கதவுக்குத்தான் பூட்டு கிடையாது தம்பி...” ரைமோ சாவியைத் திருப்பினார். “இங்க கம்பிக்கு அலைய வேண்டியதில்ல!”

க்ளிக்!