பஞ்சு உட்கார்ந்த மூலை

"உனக்கு என்னதான் வேணும்? நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்தே? காலையில பாத்தா முறுக்கிக்கிற!"

அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார். பஞ்சுவிடம் இல்லை, ஒரு பழைய லேத்திடம்!

லேத்து என்பது இரும்பைச் சுழலவிட்டு, உருளைக்கிழங்குத் தோல் மாதிரி சீவி எடுக்கும் இயந்திரம். அப்பாவுக்கு வேலை என்னவோ தபால் அலுவலகத்தில்தான். லேத்து அவருடைய ஆசை. சிலர் மீன் வளர்ப்பார்கள், சிலர் ரோஜாச் செடி வளர்ப்பார்கள். இவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் துருப்பிடித்த லேத்து ஒன்றை வளர்த்தார்.

பஞ்சு அவருடைய ஒரே மகள். பிறந்தபோது கனமே இல்லாமல் இருந்தாளாம், அதனால் அந்தச் செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வயது பத்து. "காத்தடிச்சா உன்னைப் பிடிச்சு வைக்க ஆள் வேணும்டி" என்று அம்மா இன்னமும் கேலி செய்வாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புதுப் பள்ளிக்கூடத்தில் யாரும் பஞ்சுவிடம் சண்டை போடவில்லை. யாரும் பேசவும் இல்லை. இடைவேளையில் எல்லோரும் கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள். பஞ்சு தண்ணீர்க் குழாய் பக்கம் போய், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிப்பாள். சும்மா நிற்பதை விட அது மேல் இல்லையா?

வீட்டுக்கு வந்தால் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன், வீட்டுப்பாடத்தை முடிச்சிடு, அப்பாவைத் தொந்தரவு பண்ணாதே!" மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் பறந்துவிடுவாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் பேசும். பஞ்சு நாலு சுவரையும் பார்ப்பாள், அழுகை வரும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவிடுவாள்.

லேத்து ஒரு நீளமான மர மேஜைமேல் திருகி வைக்கப்பட்டிருந்தது. மேஜையின் ஒரு மூலை காலியாக இருக்கும். அதில் ஏறி உட்கார்ந்தால் அப்பாவின் முதுகு தெரியும். அவ்வளவுதான், முதுகு மட்டும்தான். இருந்தாலும் அது அப்பாவின் முதுகு.

"அப்பா."

"ம்."

"இன்னைக்கு ஸ்கூல்ல என்கூட யாருமே பேசலப்பா."

"ம்."

"நம்ம கூரை மேல ஒரு யானை நிக்குதுப்பா."

"ம். நல்லது."

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குனிந்து புத்தகத்தைப் புரட்டினாள்.

அப்பாமேல் முழுக்கத் தப்பு சொல்லவும் முடியாது. அவர் செய்துகொண்டிருந்த வேலை அப்படி. லேத்தின் முதுகெலும்பு மாதிரி நீளமாக இரண்டு இரும்புத் தண்டவாளங்கள் உண்டு. சீவும் கத்தியைச் சுமந்துகொண்டு ஒரு குட்டி இரும்பு வண்டி அதன்மேல் போய்வரும். முன்பு வைத்திருந்தவர் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் வைத்து வேலை செய்ததில், தண்டவாளம் அங்கே மட்டும் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. அந்த இடத்தில் வண்டி லொடலொட என்று ஆடும். சரி, இறுக்கிவிடுவோம் என்று இறுக்கினால், தேயாத பக்கம் போனதும் மாட்டிக்கொண்டு நகர மறுக்கும்.

அதைச் சரிசெய்ய அப்பா ஒரு நேரான இரும்புச் சட்டத்தில் நீல மை பூசுவார். அதைத் தண்டவாளத்தின்மேல் மெல்ல வைத்து எடுப்பார். எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் நீலம் ஒட்டும். அந்த மேட்டை மட்டும் உளியால் சுரண்டுவார். தலைமுடியை விட மெல்லிய தூள்தான் வரும். பிறகு மறுபடியும் மை, மறுபடியும் சுரண்டல். தண்டவாளம் முழுக்க நீலப் புள்ளிகள் ஒரே சீராக விழுந்தால் மேடு பள்ளம் போய்விட்டது என்று அர்த்தம்.

சாயங்காலம் புள்ளிகள் சீராக விழும். அப்பா சீட்டியடித்துக்கொண்டே தூங்கப் போவார். காலையில் தபால் அலுவலகம் கிளம்பும் முன் மறுபடி வைத்துப் பார்த்தால், சட்டம் ஆடும்! புள்ளிகள் ஒரு மூலையில் மட்டும் விழும்.

"ராத்திரி குளிர்ல இரும்பு சுருங்குது" என்றார் அப்பா. கொட்டகைக் கதவைச் சாக்கால் மூடினார். பலன் இல்லை.

"தெருவுல லாரி போகுதுல்ல, அதுல மேஜை அதிருது" என்றார். மேஜைக் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தார். அதற்கும் பலன் இல்லை.

"பேய் வந்து தேய்ச்சிட்டுப் போகுதோ என்னமோ" என்றாள் அம்மா, கொட்டாவி விட்டுக்கொண்டே. அப்பா சிரிக்கவில்லை.

கடைசியில் அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு ரசமட்டம் வாங்கி வந்தார். கொத்தனார் சுவருக்கு வைத்துப் பார்ப்பாரே, அது போன்றதுதான். ஆனால் இது பொல்லாதது. கீழே ஒரு காகிதத்தைச் சொருகினால்கூடக் கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி நகர்ந்துவிடும். அதைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்தார். சாயங்காலம் குமிழி நடுவில் நின்றது, காலையில் ஓரத்துக்குப் போயிருந்தது.

அன்று வாசலில் அம்மாவிடம் அவர் சொன்னது பஞ்சுவின் காதில் விழுந்தது.

"போதும். ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன். எடைக்குப் போட்டுடலாம். எனக்குக் கை வரல."

அவர் குரல் உடைந்திருந்தது. பஞ்சுவுக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. லேத்து போய்விட்டால் அப்பா வீட்டுக்குள் வந்து உட்காருவார் அல்லவா?

ஆனால் லேத்து வாங்குவதற்கு முன் அப்பா எப்படி இருந்தார் என்று அவளுக்கு நினைவு வந்தது. வேலை முடிந்து வந்து, இந்தப் புது வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். சீட்டியடிக்க மாட்டார். அவருக்கும் இங்கே பேச ஆள் இல்லை. அப்பாவும் தாகமில்லாமல் தண்ணீர் குடிக்கிற ஆள்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சு வழக்கம்போல மூலையில் உட்கார்ந்திருந்தாள். எடைக்குப் போடும் முன் கடைசியாக ஒரு தடவை சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, நடுவில் கை கழுவப் போனார். பஞ்சுவுக்குக் கால் மரத்துப்போய் விறுவிறு என்றது. கீழே குதித்துக் காலை உதறினாள்.

தண்டவாளத்தின்மேல் இருந்த ரசமட்டத்தில் குமிழி மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது.

"இதென்ன?"

மறுபடி மேஜையில் ஏறினாள். குமிழி நடுவுக்கு வந்தது. இறங்கினாள், போனது. ஏறினாள், வந்தது.

ஐயோ! பேய் வேறு யாரும் இல்லை, அவள்தான். அவள் உட்காரும்போது மேஜை கொஞ்சம் சாய்ந்து, தண்டவாளமும் கூடவே முறுக்கிக்கொள்கிறது. அப்பா தினமும் அந்த முறுக்கலுக்கு ஏற்ற மாதிரி சுரண்டியிருக்கிறார். காலையில் அவள் இல்லாதபோது தண்டவாளம் நிமிர்ந்துவிடுகிறது.

பஞ்சு மேஜை மூலையைத் தடவிப் பார்த்தாள். சொன்னால் இங்கே உட்கார முடியாது. 'தொந்தரவு பண்ணாதே' என்று வீட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். அங்கே நாலு சுவர்தான். சொல்லாவிட்டால் நாளைக்கு இரும்புக்காரர் வந்துவிடுவார்.

அப்பா துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"அப்பா, லேத்து மேல தப்பில்லப்பா. என் மேலதான்" என்றாள் பஞ்சு.

"ம்" என்றார் அப்பா, உளியை எடுத்துக்கொண்டே.

"'ம்' இல்லப்பா! குமிழியைப் பாருங்க!"

பஞ்சு மேஜையில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அப்பா குமிழியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். உளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பஞ்சு அப்பாவின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். மூக்கில் நீல மை ஒட்டியிருந்தது.

"நீ தினமும் இங்கயா உக்காந்திருந்தே?"

"ஆமாப்பா. லேத்து வந்ததுலேருந்து."

அவள் உட்கார்ந்திருந்த மூலையை அப்பா குனிந்து பார்த்தார்.

"நான் பேசுனேனே. நீங்ககூட 'ம்'னு சொன்னீங்களே."

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "முடி கனம் மேடு இருந்தாக்கூடக் கண்டுபிடிச்சேன்" என்றார் மெதுவாக. "நீ இருந்ததைக் கண்டுபிடிக்கலயே, பஞ்சு."

"பரவாயில்லப்பா. எனக்குத்தான் கனமே இல்லையே" என்றாள் பஞ்சு. சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகை வந்துவிட்டது. அப்பா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் சுரண்டல் நடக்கவில்லை. யாரும் பேசாத பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், யானை என்று எல்லாவற்றையும் பஞ்சு முதலிலிருந்து சொன்னாள். அப்பா ஒரு இடத்தில்கூட 'ம்' போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த இரும்புக்காரரை, "மன்னிச்சுக்கங்க, மனசு மாறிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்று கொட்டகைக்கு வந்தது, அப்பாவுக்கு எதிரே. அதிலிருந்து பார்த்தால் முகம் தெரியும். இந்தத் தடவை சுரண்ட இன்னும் அதிக நாள் பிடித்தது, நடுநடுவே பேச வேண்டியிருந்ததே! ஒரு நாள் காலையிலும் புள்ளிகள் சீராக விழுந்தன. குட்டி வண்டி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போனது. அப்பா போட்ட கூச்சலில், அப்போதுதான் படுத்திருந்த அம்மா எழுந்து ஓடி வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் தண்ணீர்க் குழாய்தான். ஆனால் நேற்று அங்கே வேறொரு பெண்ணும் தாகமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். பஞ்சு அவளைப் பார்த்துச் சிரித்துவைத்திருக்கிறாள்.

ரசமட்டத்தை நண்பர் திருப்பிக் கேட்கவில்லை. அது லேத்தின்மேலேயே இருக்கிறது. சாயங்காலம் அன்றைய வேலை முடிந்து, அப்பா திரும்பி நின்று கருவிகளைத் துடைக்கும்போது, பஞ்சு சத்தமில்லாமல் வந்து பழைய மூலையில் ஏறிக்கொள்வாள். குமிழி நகர்வது அப்பாவின் ஓரக்கண்ணில் படும்.

"வந்துட்டியா, பஞ்சு?" என்பார் அப்பா.