கம்பளி போர்த்திய பால்

குடிபாலாவில் ரோஹிணியின் வீட்டில், கூடத்து மூலையில் ஒரு கிண்ணம் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தது.

மாம்பழக்கூழ் ஆலையில் வேலை முடிந்து வந்த அம்மா கல்பனா அதைப் பார்த்தாள்.

“இன்னாடி இது? பாலுக்குக் குளிர் ஜுரமா?”

“தொடாதம்மா! தயிர் ஆகிக்கினு இருக்குது. ஆன்லைன் கோர்ஸ்ல எட்டு மணி நேரம் போத்தி வெக்கச் சொன்னாங்க.”

ரோஹிணி ஏழாம் வகுப்பு. கோடை விடுமுறையில், அம்மாவின் போனில் சமையலறை அறிவியல் படித்தாள். இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையும் சேரலாம். ஆங்கிலம்தான் பாதி புரியாது. ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

நல்ல தயிர் செய்து படம் அனுப்பினால்தான் கடைசிப் பாடம் திறக்கும். அதில் தயிருக்குள் இருக்கும் பாக்டீரியாவை மைக்ரோஸ்கோப்பில் காட்டுவார்கள். நாளையோடு நேரம் முடிகிறது.

எட்டு மணி நேரம் முடிந்ததும் ரோஹிணி கம்பளியைப் பிரித்தாள். தம்பி சந்துரு ஒரு விரலால் தொட்டு நக்கினான். புளிப்பில் அவனுடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“மோர்க்குழம்புக்கு ஆகும்க்கா.”

ரோஹிணிக்கு அழுகை வந்தது. சொன்னபடிதானே செய்தாள்?

“நாளைக்கு எனக்கு டீ வாணாம். அந்தப் பாலையும் எடுத்துக்கோ,” என்றாள் அம்மா.

ரோஹிணி வீடியோவை மறுபடி போட்டாள். இந்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“டேய், டீச்சர் ஸ்வெட்டர் போட்டுக்கினு இருக்காங்கடா! ஜன்னல்ல பனி பாரு!”

“நம்ம ஊர்ல மாடே நிழலைத் தேடிக்கினு போவுது,” என்றான் சந்துரு.

மறுநாள் அம்மா போனை வீட்டில் விட்டுப்போனாள். ரோஹிணி கம்பளி இல்லாமல் உறை ஊற்றினாள். அடிக்கடி எட்டிப் பார்த்தாள். மதியத்துக்குள் தயிர் கெட்டியாக நின்றது. படம் அனுப்பினாள்.

ஒருவர் தயிருக்கு இன்னொருவர் மதிப்பெண் போட வேண்டும் என்பது அங்கே விதி. ரோஹிணிக்கு மாலி நாட்டு ஆமினாவின் படம் வந்தது. “இரண்டு முறையும் புளித்துவிட்டது. நான் விலகிக்கொள்கிறேன்,” என்று கீழே எழுதியிருந்தாள்.

“முட்டை மார்க் போடுக்கா!”

“சும்மா இருடா. அந்தப் பொண்ணும் ஸ்வெட்டர் டீச்சர் பேச்சைத்தான் கேட்டுக்கினு இருந்திருக்குது.”

மதிப்பெண் போடாமல், தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள்: “உன் ஊரும் சூடா? கம்பளி வேண்டாம். எட்டு மணி நேரமும் வேண்டாம். விலகாதே, இன்னும் நேரம் இருக்கிறது.”

வெயில் சாய்ந்தபோது பதில் வந்தது. படத்தில் ஆமினா கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. நேர் கீழே அவள் தம்பி கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

ரோஹிணி முழு மதிப்பெண் போட்டாள். அவளுக்கும் யாரோ முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். கடைசிப் பாடம் திறந்திருந்தது.

அதைப் பார்க்கும் முன் ஒரு வேலை இருந்தது. தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, “சந்துரு, இங்க வாடா,” என்றாள்.

சந்துரு அதற்குள் தெருக்கோடியைத் தாண்டியிருந்தான்.