வளையத்தில் வெட்டு இல்லை

தட... தட... தட... தட...

சந்தனாவின் கையில் காற்றுச் சுத்தியல் அதிர்ந்தது. மூன்றாவது ரிவெட்.

சட்டென்று எதிரே இருந்த இறக்கைத் தகடு நழுவியது.

படீர்!

ஓர் அலறல்... பாதியில் அறுந்தது.

உத்தரத்தில் தொங்கிய பழைய விமான இறக்கை தரையில் கிடந்தது. அதன் அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அசையாமல்!

பயிற்சி ஆசிரியர் தனசேகரன்.

செஞ்சியில் மணிலா என்னும் வேர்க்கடலைக்குக் கிடங்காக இருந்த கொட்டகை அது. விமானத்துக்கான ரிவெட், போல்ட், நட்டு பற்றி எதுவும் தெரியாத பத்துப் பேருக்கு ஒரு கம்பெனி அங்கே பயிற்சி கொடுத்தது. இன்று மூன்றாம் நாள். தகடுகளை இணைக்கும் ரிவெட்டை மேலே ஒருவர் அடிக்க, கீழே ஒருவர் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும்.

கீழே பிடித்தவர் செத்துப்போனார்.

மேலே அடித்தவள் சந்தனா.

அரை மணியில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் பச்சைமுத்து இறங்கினார்.

"யாரும்மா அடிச்சது?"

"நான்தான் சார்."

"அடிச்சது மட்டுமில்லீங்க ஐயா..." ஸ்டோர்கீப்பர் ஆதிமூலம் முந்திக்கொண்டார். "நேத்து இறக்கைய மாட்டினதும் இவதான். இந்தப் பக்கத்து நட்டை ஒழுங்கா முறுக்கல. ஆட்டத்துல கழண்டுடுச்சு. பாருங்க, போல்ட்டு இங்க கெடக்குது, நட்டு அங்க கெடக்குது."

"எந்த ஊரும்மா?"

"சிங்கவரம்."

"நைனா இன்னா பண்றாரு?"

"மணிலா போட்டிருக்காரு சார்."

"கொட்டை உரிக்கிற கையில ஏரோப்பிளேனைக் குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றார் கான்ஸ்டபிள் பாவாடை.

"ஜீப்புல ஏறும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

சந்தனா ஜீப்பைப் பார்த்தாள். ஜெயில்... அதைவிட, நான்தான் கொன்றேனா? நேற்று ஸ்பேனரை இழுத்த இழுப்பில் இன்னும் தோள் வலிக்கிறது. அந்த நட்டா கழன்றது?

குனிந்தாள். நட்டை எடுத்தாள்.

"ஏய், தொடாத!"

அதற்குள் அவள் சுண்டுவிரல் நட்டுக்குள் நுழைந்துவிட்டது. உள்ளே வழவழவென்று இருந்தது.

"சார்... இது நான் முறுக்கின நட்டு இல்ல."

"நட்டுல இன்னாம்மா உன் நட்டு, என் நட்டு?"

"உள்ளார நார் வளையம் இருக்குது பாருங்க. ஆட்டத்துல கழலக் கூடாதுன்னு வெச்சது. மொத வாட்டி முறுக்கும்போதே போல்ட்டு இந்த வளையத்த வெட்டிக்கினு போவும். வெட்டு அழியாது. ஒரு வாட்டி கழட்டினா பிடி போயிடும், தூக்கிப் போட்ருங்கன்னு மொத நாளே தனசேகரன் சார் சொன்னாரு. இதுல வெட்டே இல்ல சார். இது இன்னும் போல்ட்டையே பார்க்கல."

இன்ஸ்பெக்டர் நட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"அப்ப உன் நட்டு எங்க?"

"யாரோ கழட்டியிருக்காங்க. அதுல வெட்டு இருக்கும். முறுக்கினது சரின்னு பார்த்து அவரு தன் கையால போட்ட சிவப்புக் கோடும் இருக்கும்."

"புது நட்டு எங்க இருக்குது?"

"ஸ்டோர்ல."

"சாவி?"

எல்லாக் கண்களும் ஆதிமூலத்தின் பக்கம் திரும்பின.

அவர் ஓடினார்!

பின்வாசல் வரைதான். பாவாடையின் கையில் வேட்டி சிக்கியது. ஆதிமூலம் அரை டிராயரோடு நின்றார். சட்டைப் பையைக் கவிழ்த்தபோது நான்கு பழைய நட்டுகள் உருண்டன.

ஒன்றில் சிவப்புக் கோடு!

"சொல்லுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தூக்கிப் போட்ட நட்டைத் துடைச்சுப் புதுப் பெட்டியில வெப்பேன் ஐயா. புதுச வெளிய வித்துடுவேன். தனசேகரன் கண்டுபுடிச்சிட்டாரு. மேலிடத்துக்கு லெட்டர் போடறேன்னாரு. அதான் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி ஏணி போட்டு..."

சந்தனா அந்தச் சிவப்புக் கோட்டை உற்றுப் பார்த்தாள். நான் முறுக்கியது கழலவில்லை... கழலவில்லை!

"சரி, கழட்டினதையே கீழ போட்டிருந்தா இந்தப் பொண்ணு உள்ள போயிருக்கும். புதுச ஏன்யா போட்ட?"

ஆதிமூலம் தலையைத் தொங்கப் போட்டார்.

"பழைய நட்டைத் தொட்டாலே கை தானா பையில போட்டுக்குது ஐயா. இறக்கை விழுந்ததும் நட்டு ஒண்ணு வேணுமேன்னு, பதட்டத்துல ஸ்டோர்ல விக்க வெச்சிருந்த புதுசுல கைக்கு வந்தத எடுத்துப் போட்டேன்."

பாவாடை விலங்கை மாட்டினார்.

"இத்தினி நாளா பழசப் புதுசுன்னு குடுத்த, எந்தப் போலீஸும் புடிக்கல. ஒரே ஒரு வாட்டி நெசமான புதுசக் குடுத்த... மாட்டிக்கின! நேர்மை உனக்கு ஒத்துக்கலய்யா."